முள் வைத்தவர்

முதலில் முதுகுதான் தெரியும். சூளகிரியைத் தாண்டியதும், மலைக்காற்றுக்கு அரளிச்செடிகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கும் அந்த நீண்ட டிவைடரில், ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட ஒரு முதுகு. அந்தப் பக்கம் பெங்களூருக்கு ஏறுகிற லாரிகள், இந்தப் பக்கம் கிருஷ்ணகிரிக்கு இறங்குகிற லாரிகள், நடுவில் இருக்கும் கொஞ்சம் மண்ணில் குனிந்து களை பிடுங்குகிற ஒரு பெண். புது ஸ்கூட்டர்களை ஏற்றிய கண்டெய்னர் கடந்தால் சட்டை உப்பும், அடங்கும். முதுகு நிமிராது. நிமிர்ந்தால் யாரையோ திட்டப்போகிறார் என்று அர்த்தம்.

பெரும்பாலும் எங்களை.

சாலைக்கு ஒரு பக்கம் நாங்கள் வேலை பார்த்த வார்ப்படக் கம்பெனி. மறுபக்கம் நாங்கள் வாடகைக்கு இருந்த ஊர். தகரக் கூரை போட்ட வரிசை அறைகள், ஒவ்வொன்றிலும் மூன்று பேர், நான்கு பேர். அறை வாசலில் நின்றால் கம்பெனி கேட் தெரியும். காவலாளி பீடி பற்றவைப்பதுகூடத் தெரியும். ஆனால் வண்டியில் அங்கே போய்ச் சேர, கீழே ஒன்றரை கிலோமீட்டர் இறங்கி, சப்வேயில் நுழைந்து, மறுபடி ஒன்றரை கிலோமீட்டர் ஏற வேண்டும். ஆறு மணி ஷிப்டுக்கு மூன்று நிமிடம் தாமதமானால் அரை நாள் விடுப்பு எழுதிவிடுவார்கள். ஆகவே ஒருநாள் டிவைடரில் ஒரு பைக் நுழையும் அளவுக்கு இடைவெளி உண்டாகியிருந்தது. கம்பியை அறுத்தது யார், சிமெண்டை இடித்தது யார் என்று யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் தெரியும். ஏரிக்கரை உடைந்ததைச் சொல்வதுபோல ஊரில் அதை உடைப்பு என்றே சொன்னார்கள்.

அந்த உடைப்பை அடைப்பது அவருடைய வேலை அல்ல. சாலைப் பராமரிப்பை எடுத்திருந்த ஒப்பந்தக்காரரிடம் அவர் தினக்கூலி. அரளிக்குத் தண்ணீர் விட வேண்டும், ஓரத்து மண்ணைக் கூட்ட வேண்டும், லாரி டயரிலிருந்து பிய்ந்து விழுந்த ரப்பர்த் தோலைப் பொறுக்க வேண்டும், செத்த நாயை இழுத்து அப்புறப்படுத்த வேண்டும். அவ்வளவுதான். உடைப்பை அவராகத்தான் அடைத்தார். சீமைக்கருவேல முள்ளை வெட்டிவந்து குறுக்கே போட்டு, கம்பியால் இறுக்கிக் கட்டி, அடியில் கல்லை அணைத்து வைப்பார். நாங்கள் அவிழ்ப்போம். மறுநாள் கட்டுவார். மதிய ஷிப்டுக்கு அவிழ்ப்போம். கட்டுவார். இரண்டு தரப்புக்கும் அது ஷிப்டு வேலைபோல ஆகிவிட்டது.

சொல்லுவதும் ஒன்றுதான். சுத்திப் போ. கர்நாடகா நம்பர் பலகையைப் பார்த்தால் கன்னடத்தில் சொல்லுவார், லாரிக்காரர்களிடம் தெலுங்கில், எங்களிடம் தமிழில். தமிழில் மட்டும் கொஞ்சம் வசவு கூடுதலாக இருக்கும். என்னோடு ஒரே அறையில் இருந்த முனிராஜ், எங்கள் லைன் லீடர், வாய்த் துடுக்கு உள்ளவன், அவரிடம் தினம் ஒன்று வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் போகமாட்டான்.

"என்னாக்கா, உங்க வூட்டுக் கொல்லப்படலா இது? காலங்காத்தால கட்டினு நிக்கற."

"எங்க வூட்டுக் கொல்லயில மாடுதான் பூரும். உன்ன மாதிரி எதுவும் பூராது."

"லேட்டானா நீயா வந்து கம்பெனில சொல்லுவ?"

"சொல்றேன். கூட்டினு போ. சுத்தி கூட்டினு போ."

சாலையில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் தெரியும், அங்கே எத்தனை ஒற்றைச் செருப்புகள் கிடைக்கும் என்று. அவற்றை அவர் குப்பையில் போடுவதில்லை. முள்ளைக் கட்டிய கம்பியிலேயே வரிசையாக மாட்டிவைத்தார். வார் அறுந்த ரப்பர்ச் செருப்பு, கல்யாணத்துக்குப் போட்டுப்போன மாதிரி ஜிகினா வைத்த ஒன்று, குதிகால் தேய்ந்த தோல் செருப்பு, எங்கள் கம்பெனி கொடுக்கிற, இரும்பு மூக்கு வைத்த பாதுகாப்பு ஷூ ஒன்று. அந்த ஷூவைப் பார்க்காமலேயே முள்ளை அவிழ்க்க எங்கள் கைகள் பழகிக்கொண்டன.

யாருடையது இதெல்லாம் என்று ஒருநாள் கேட்டேன். பாதியில் நின்ற களையைப் பிடுங்கி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"திரும்பி வந்து எடுத்துக்காதவங்களோடது."

அதற்கப்புறம் நான் கேட்கவில்லை.

அவர் மட்டும் குறுக்கே கடந்து நான் பார்த்ததில்லை. வேலையே சாலை நடுவில், வாழ்வே அந்த மண்ணில், வண்டிகளின் வேகத்தைச் சத்தத்திலேயே அளக்கத் தெரிந்தவர். இரண்டு எட்டில் கடந்திருக்கலாம். கடக்கமாட்டார். காலையில் தண்ணீர் டேங்கர் அவரை டிவைடரில் இறக்கிவிடும், மாலையில் அதுவே ஏற்றிக்கொள்ளும். நடுவில் சோறு, தண்ணீர் என்று எதற்காவது அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தால், அரளி ஓரமாகவே, டிவைடரிலிருந்து சப்வேக்குள் இறங்குகிற இரும்பு ஏணி வரைக்கும் நடந்து, கீழே இறங்கிப் போவார். கம்பெனி ஓரத்தில் டீக்கடை வைத்திருந்தவர் இரக்கப்பட்டு, பேப்பர் கப்பில் டீ ஊற்றி ஒரு பைக்காரனிடம் கொடுத்தனுப்பினார். உடைப்பில் வண்டியை நிறுத்தி அவன் நீட்டினான். அவர் வாங்கவில்லை. எப்படி வந்தாய் என்று கேட்டார். இப்படித்தான் என்றான். அப்படியானால் எனக்கு வேண்டாம் என்று குனிந்துகொண்டார். டீ ஆறும்வரை அவன் நின்றுகொண்டிருந்தான். பின்னால் ஹாரன் அடித்தார்கள். இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் ஒரு மாதம் சிரித்திருப்போம். டீ சுற்றி வந்திருந்தால் குடித்திருப்பார் என்பதுதான் அதில் சிரிப்பு. உண்மையிலேயே குடித்திருப்பார்.

மாதா கோவில் திருவிழாவில் அவர் செய்தது இதைவிடப் பெரிய கூத்து. சாலையை அகலப்படுத்தியபோது கோவில் ஊர்ப்பக்கமும், மாதா சிலை வைத்த சிறு குகையான கெபி கம்பெனிப் பக்கமும் ஆகிவிட்டன. சப்பரம் கெபிக்குப் போய்த் திரும்ப வேண்டும். அந்த வருடம் இளவட்டங்கள் முள்ளை அவிழ்த்து, சப்பரம் போகிற அளவுக்கு வழியை அகலப்படுத்தி, இரண்டு பக்கமும் சிவப்புத் துணி ஆட்டி வண்டிகளை நிறுத்தத் தயாராக இருந்தார்கள். அவரும் அந்தக் கோவிலைச் சேர்ந்தவர்தான். திருவிழாப் புடவையின் மேலேயே ஆரஞ்சு சட்டையை மாட்டிக்கொண்டு உடைப்பின் நடுவில் நின்றார்.

மாதாவுக்கே வழி மறிக்கிறாயா என்று சப்பரம் தூக்கியவர்கள் கத்தினார்கள். அவர் அவர்களைப் பார்க்காமல் பங்குச்சாமியைப் பார்த்துச் சொன்னார்.

"கைப்புள்ளய வெச்சினு கழுத மேல எகிப்து வரைக்கும் சுத்தினவங்க சாமி. அவங்களுக்கு இந்த மூணு கிலோமீட்டர் பெருசா?"

பங்குச்சாமி சிரித்துவிட்டார். சிரித்த பிறகு அவரால் வேறு எதுவும் சொல்ல முடியவில்லை. சப்பரம் சுற்றிக்கொண்டு போனது. சப்வேயில் முழங்கால் அளவு தண்ணீர். பாவாடையைத் தூக்கிப் பிடித்த சிறுமிகள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்ட பெரியவர்கள், நனைந்த பேண்டு வாத்தியக்காரர்கள். மேல்தளம் இடித்ததால் சப்பரத்தின் மகுடத்தைக் கழற்ற வேண்டியிருந்தது. கழற்றிய மகுடத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். அந்தத் தண்ணீரில் ஜெனரேட்டர் விளக்கு கலங்கி ஆடியது. நான் கிறிஸ்தவன் அல்ல. ஆனாலும் பின்னால் நடந்தேன். இன்றைக்கும் எங்கே ஊர்வலம் பார்த்தாலும் அந்தக் கலங்கிய வெளிச்சம்தான் நினைவுக்கு வருகிறது.

இப்படிப்பட்ட ஆளுக்கு ஒரு கதை இருந்தாக வேண்டும் என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம். புருஷன் அந்த இடத்தில் அடிபட்டான் என்றார்கள். இல்லை, மகன் என்றார்கள். பேரிகைப் பக்கத்து ஆள் ஒருவர் தம்பி என்று சத்தியமே செய்தார். முனிராஜ் நேரிலேயே கேட்டுவிட்டான். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"எங்க வூட்ல யாரும் ரோட்ல சாவல. ஏம்ப்பா, யாராச்சும் செத்தாத்தான் சொல்லணுமா?"

இந்தப் பதில் எங்களுக்குப் பிடிக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. துக்கம் இருந்திருந்தால் பரிதாபப்பட்டு ஒதுக்கியிருக்கலாம். சும்மா, சரி என்பதற்காக மட்டும் ஒருவர் தினமும் குறுக்கே நிற்பதை எங்களால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

அன்று முனிராஜ் ஓட்டினான், நான் பின்னால். ஐந்து ஐம்பத்தைந்து. முள் வழக்கத்தைவிட இறுக்கமாகக் கட்டியிருந்தது. அவிழ்க்க நேரமில்லை என்று ஓரமாக நுழையப் பார்த்தான். கல் சறுக்கி, இரண்டு பேரும் வண்டியோடு அரளிக்குள் விழுந்தோம். என் சட்டை முதுகு வரைக்கும் கிழிந்தது. காத்திருந்த பைக்குகளில் எல்லோரும் சிரித்தார்கள், எங்களோடு ஒரே லைனில் நிற்கும் பெண்களும். அவர் ஓடிவந்து முதலில் வண்டியை அணைத்தார், பிறகு என் கையைப் பிடித்துத் தூக்கினார். முழங்கையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டபடியே, வேலைக்குப் போகிற அவசரமா, மேலே போகிற அவசரமா என்று கேட்டார். மறுபடியும் சிரிப்பு. எனக்கு வலித்தது முழங்கை அல்ல.

அரை நாள் போனது. கேன்டீனில் முனிராஜ் என் முன்னால் வெள்ளைத் தாளை வைத்தான். "நீதான் சுவத்துல கவித எல்லாம் ஒட்டறியே. எழுது. இவள இங்கருந்து தூக்கணும்."

எழுதினேன். சாப்பாட்டு மேசையில் ரசம் சிந்திய இடத்தைத் துடைத்துவிட்டு, ஒரே மூச்சில், அடித்தல் திருத்தல் இல்லாமல். மறைக்க விரும்பவில்லை: எழுதும்போது இன்பமாக இருந்தது. சொற்கள் தாமாக வந்து நின்றன. சாலையில் கற்களையும் முட்களையும் போட்டு இருசக்கர வாகன ஓட்டிகளின் உயிருக்கு ஆபத்து விளைவிக்கிறார் என்று எழுதினேன். தகாத வார்த்தை பேசுகிறார் என்று எழுதினேன். பெயர் எழுத வேண்டிய இடத்தில் கை நின்றது. அவர் பெயர் எங்கள் யாருக்கும் தெரியவில்லை. ஆரஞ்சு சட்டை அணிந்த பெண் என்று எழுதிக்கொண்டு மேலே போனேன். (பெயர் பிறகு தெரிந்தது. அதை இங்கே எழுதுகிற உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.)

அதன் பிறகு அந்த வரி. "மேற்படி பெண், பணிக்குச் செல்லும் தொழிலாளர்களுக்குச் செருப்பைக் காட்டி அவமானப்படுத்துவதை அன்றாட வழக்கமாகக் கொண்டுள்ளார்."

யாரும் எனக்கு அந்த வரியைச் சொல்லித் தரவில்லை. செருப்புகள் எதற்காக அங்கே தொங்குகின்றன என்று எனக்குத் தெரியும். நான் கேட்டு, அவரே சொல்லியிருந்தார். நம் ஊரில் ஒருவர் இன்னொருவருக்குச் செருப்பைக் காட்டினார் என்றால் என்ன பொருள், எந்த அதிகாரியும் அதற்கு மேல் படிக்க மாட்டார் என்பதும் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். எழுதிவிட்டு மேசையில் இருந்தவர்களுக்குப் படித்துக் காட்டினேன். யாரோ விசிலடித்தார்கள். முனிராஜ் முதல் கையெழுத்துப் போட்டான், பிறகு வரிசையாக லைன் முழுக்கப் போட்டது. நான் போடவில்லை. எழுதியவன் போடத் தேவையில்லை என்று அவர்களே சொன்னார்கள். நானும் மறுக்கவில்லை.

ஒன்பதாம் நாள் டிவைடரில் ஆரஞ்சு சட்டை இல்லை. செருப்புகளும் இல்லை. முள்ளை யாரோ சுத்தமாக வாரிக்கொண்டு போயிருந்தார்கள். மேசையில் விசிலடித்தவர்கள் என் தோளைத் தட்டினார்கள். அந்த வாரமே உடைப்பை அகலப்படுத்தினோம். ஷேர் ஆட்டோ நுழைந்தது, பிறகு வேன் நுழைந்தது. போகிற வருகிற வண்டிகள் ஏறி இறங்கி, அந்த இடத்து அரளி வேரோடு போயிற்று.

கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகாத ஒரு பெண். மத்தூர்ப் பக்கம். காலை ஷிப்டுக்கு, தோழிகள் இரண்டு பேரோடு, நடந்து கடந்தாள். அவளுக்கு மனுவைத் தெரியாது, முள்ளைத் தெரியாது, அந்த இடத்தில் ஒருவர் நின்று மறித்துக்கொண்டிருந்தார் என்பதே தெரியாது. எல்லோரும் போகிறார்கள் என்று போனாள். கார் வேகமாக வந்தது என்றார்கள். நெடுஞ்சாலையில் கார் வேகமாகத்தான் வரும்.

மறுநாள் நான் அந்த வழியாக வேலைக்குப் போனேன். ஆமாம், அந்த வழியாகத்தான். ஓரத்தில் ஒரு செருப்பு கிடந்தது, நீல வார். அதை எடுத்து மாட்ட யாரும் இல்லை. நான் வண்டியை நிறுத்தவில்லை.

அதன் பிறகு நெடுஞ்சாலைக்காரர்கள் வந்து கான்கிரீட் கட்டைகளை இறக்கி உடைப்பை அடைத்தார்கள். அடைக்க அரை மணி நேரம் ஆனது. நாங்கள் சுற்றிப் போகப் பழகினோம். பத்து நிமிடம் முன்னால் எழுந்தால் போதுமாக இருந்தது.

இரண்டு வருடம் கழித்து, ஷிப்டு விடுகிற நேரம், யாரோ தேடுகிறார்கள் என்று காவலாளி சொன்னார். கேட்டுக்கு வெளியே சாதாரணப் புடவையில் நின்ற பெண்ணை எனக்கு அடையாளம் தெரியவில்லை. திரும்பி நின்றிருந்தால் தெரிந்திருக்கும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். இப்போது வேறொரு ஒப்பந்தக்காரரிடம், கிருஷ்ணகிரிக்கு முன்னால் ஓரிடத்தில் வேலை என்றார். அங்கேயும் ஓர் உடைப்பு. எதிரே பள்ளிக்கூடம். பிள்ளைகள் அதன் வழியாகத்தான் ஓடுகிறார்கள். முள் வைத்தால் பெற்றவர்களே எடுத்துவிடுகிறார்கள். மேஸ்திரி, எழுதிக் கொடு, மேலே அனுப்புகிறேன் என்கிறார்.

"மனு ஒண்ணு எழுதணும் சார். அதான் உங்களத் தேடி வந்தேன்."

"என்ன எதுக்குக்கா?"

"அன்னிக்கி எழுதினது நீங்கதான?"

டீக்கிளாசை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"முனிராஜ் சொன்னாரு," என்றார். "அந்தப் பொண்ணு போன மூணாம் நாளே என் வூட்டத் தேடினு வந்துட்டாரு. வாசல்ல உக்காந்து அழுதாரு." முனிராஜ் இதை என்னிடம் சொன்னதே இல்லை. ஒரே அறையில்தான் இருந்தோம்.

அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குப் பிடிமானமாக இருந்திருக்கும்.

"ஆபீசுல கூப்ட்டு படிச்சுக் காட்டினாங்க. புரியலன்னு ரெண்டாவது தபா படிக்கச் சொன்னேன். அவ்ளோ நல்லா இருந்துச்சு சார். கேக்கக் கேக்க, இந்தப் பொம்பளய வேலய வுட்டு எடுத்தா தேவலன்னு எனக்கே தோணிடுச்சு."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அக்கா, அன்னிக்கி நான்..." அதற்குள் கையை அசைத்துத் தள்ளிவிட்டார். பேனா இருக்கிறதா என்று கேட்டார்.

எழுதினேன். அதே மாதிரி வெள்ளைத் தாள். நான்கு முறை அடித்தேன். பள்ளி, சாலை, உடைப்பு, பிள்ளைகள், தூரம், அருகில் இருக்கும் சப்வே, அதில் தேங்கும் தண்ணீர், எல்லாவற்றையும் எழுதினேன். இந்தமுறை பொய் ஒன்றுகூட இல்லை. அடியில் என் பெயரை எழுதி, கையெழுத்தும் போட்டேன். படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன்.

"சரியா வரல சார்."

"என்னக்கா வுட்டுப்போச்சு?"

"எதுவும் வுட்டுப்போவல. எல்லாம் இருக்குது. ஆனா கோவம் இல்லயே." கொஞ்சம் யோசித்தார். "என் மேல அவ்ளோ கோவம் வந்துச்சு உங்களுக்கு. ஒடப்பு மேல ஏன் வர மாட்டேங்குது?"

தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, கம்பெனி ஓரமாகவே சப்வே பக்கம் நடந்தார்.

அந்த மனுவுக்குப் பதில் வரவில்லை. அடுத்ததற்கும் இல்லை. இதுவரை ஏழு எழுதியாகிவிட்டது. ஒன்பது நாளில் ஒரு பெண்ணை இடம்விட்டுத் தூக்கிய கை இது. ஆறு கான்கிரீட் கட்டைகளை ஓரிடத்தில் இறக்கவைக்க அதனால் முடியவில்லை. ஜூனில் பள்ளி திறந்துவிடும். ஏழாவதை இன்று காலை போனில் படித்துக் காட்டினேன். அந்தப் பக்கம் லாரிகள் போகிற இரைச்சலுக்கு நடுவில், இடையில் பேசாமல், கடைசி வரி வரைக்கும் கேட்டார்.

"பரவால்ல, அனுப்புங்க," என்றார். வைத்துவிட்டார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"கோவம் இன்னும் வரல சார்."